முதியோர் இல்லத்தின் பாதுகாப்பையும் பராமரிப்புத் தரத்தையும் அறிவது எவ்வாறு? – திருப்பூர் மாவட்டக் குடும்பங்களுக்கான வழிகாட்டி

திருப்பூர் மாவட்டத்தில் பெற்றோரையோ உறவினரையோ முதியோர் இல்லத்தில் சேர்க்க எண்ணுவோர், ஏற்கெனவே சேர்த்திருப்போர், இல்லங்களில் வசித்துவரும் மூத்த குடிமக்கள் ஆகியோர் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகளை இப்பக்கம் விளக்குகிறது. இல்லத்தை நேரில் பார்க்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும், எந்தப் பதிவேடுகளைக் கேட்டுப் பார்க்கலாம், முதியவரின் உடலில் எந்த மாற்றங்கள் எச்சரிக்கையாகும், குறை காணப்பட்டால் யாரிடம் முறையிடலாம் என்பன இதில் உள்ளன.

முக்கியக் குறிப்புகள்

• பதிவு பெறாத இல்லத்தில் எவரையும் சேர்க்க வேண்டாம். பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பது உங்கள் உரிமை.
• முன்னறிவிப்பின்றிச் சென்று பார்க்க அனுமதிக்கும் இல்லத்தையே தேர்ந்தெடுங்கள்.
• முதியவருடன் ஒவ்வொரு முறையும் சிறிது நேரம் தனியாகப் பேசுங்கள்.
• உங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்காமல் முதியவரை வேறு இடத்திற்கு மாற்றக்கூடாது என்பதைச் சேர்க்கும்போதே எழுதி வாங்குங்கள்.
• மூத்த குடிமக்களுக்கான உதவி எண்: 14567. அவசர ஊர்தி: 108.

குடும்பத்தினரின் கவனிப்பு ஏன் இன்றியமையாதது?

திருப்பூர், உழைப்பை நாடி வந்த குடும்பங்களால் வளர்ந்த நகரம். பனியன் நிறுவனங்களிலும் சாயப்பட்டறைகளிலும் நூற்பாலைகளிலும் கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகள் பல. ஷிப்டு நேரத்தில் வீட்டில் முதியவர் தனித்திருக்க நேரிடுகிறது. பக்கவாதம், மறதி நோய், இடுப்பு எலும்பு முறிவு போன்றவற்றால் ஒருவருக்கு நாள் முழுவதும் துணை தேவைப்படும் நிலையில், முதியோர் இல்லத்தை நாடுவது பல குடும்பங்களுக்கு இயல்பான முடிவாகிறது. அதில் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. ஆனால் சேர்த்துவிட்டதோடு குடும்பத்தின் பொறுப்பு முடிந்துவிடுவதும் இல்லை.

இதனைத் தமிழ்நாடு முழுவதற்கும் உணர்த்திய நிகழ்வு ஒன்று திருப்பூர் முதியவர் ஒருவருடன் தொடர்புடையது. அவர் 2021 டிசம்பரில், விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் இயங்கிய அன்பு ஜோதி ஆசிரமத்தில் சேர்க்கப்பட்டார். வெளிநாட்டில் வசித்த அவருடைய உறவினரின் சார்பில் பின்னர் அவரைப் பார்க்கச் சென்றபோது அவர் அங்கு இல்லை. பெங்களூரில் உள்ள வேறோர் இல்லத்திற்கு மாற்றப்பட்டதாகக் கூறப்பட்டது. அங்கும் அவரைக் காண இயலவில்லை. ஆகவே சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 2023 பிப்ரவரியில் அதிகாரிகளும் காவல்துறையினரும் அந்த ஆசிரமத்தில் ஆய்வு நடத்தினர். உரிய உரிமம் இன்றி அது இயங்கிவந்தது தெரியவந்தது. வசித்தவர்கள் துன்புறுத்தப்பட்டதாகக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. அங்கிருந்து 140-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். வழக்கு குற்றப்பிரிவு குற்றப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது.

அந்த ஆசிரமம் பல ஆண்டுகளாக நடந்துவந்த ஒன்று. ஒரே ஒரு முதியவரைப் பற்றி, 'அவர் எங்கே?' என்று ஒரு குடும்பம் விடாமல் கேட்ட பிறகே ஆய்வு நடந்தது. அதிகாரிகளின் ஆய்வு ஆண்டில் சில நாள்கள் மட்டுமே நிகழக்கூடியது. எஞ்சிய நாள்களில் முதியவருக்குக் காவலாக இருப்பது அவரை நேரில் காணவரும் குடும்பத்தினரின் கண்களே. கேட்பதற்கு ஆள் உள்ள முதியவருக்குக் கிடைக்கும் கவனிப்பு, கேட்பாரற்றவருக்குக் கிடைப்பது அரிது.

சட்டம் என்ன கூறுகிறது?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-இன்படி 60 வயது நிறைந்தவர் மூத்த குடிமகன் ஆவார். தமிழ்நாட்டில் இச்சட்டத்திற்கான விதிகள் 2009-இல் வகுக்கப்பட்டன. முதியோர் இல்லங்கள் இச்சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட வேண்டும். மாவட்ட அளவில் இப்பணியைக் கவனிப்பவர் மாவட்ட சமூக நல அலுவலர். இல்லங்களை நேரில் ஆய்வு செய்யும் பொறுப்பும் அவருடைய துறையைச் சார்ந்தது.

ஓர் இல்லத்தைப் பல துறைகள் பல கோணங்களில் பார்க்கின்றன. பதிவையும் பராமரிப்பையும் சமூக நலத் துறை பார்க்கிறது. கட்டடத்தின் தீப் பாதுகாப்பைத் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையும், சமையலறையை உணவுப் பாதுகாப்புத் துறையும், சுகாதாரத்தை உள்ளாட்சி அமைப்பின் சுகாதாரப் பிரிவும் பார்க்கின்றன. மனநோய் உள்ளவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம் எனில், மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன்கீழ் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஒரு துறையின் சான்றிதழ் இருப்பதால் மற்றவையும் இருக்கும் எனக் கருத வேண்டாம்.

முதியோர் இல்லங்களின் நிலை குறித்து உச்ச நீதிமன்றமும் 2018 டிசம்பரில் வழங்கிய தீர்ப்பில் கவனம் செலுத்தியது. ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள முதியோர் இல்லங்களின் எண்ணிக்கையையும், அங்குள்ள மருத்துவ வசதிகளையும் பற்றிய தகவல்களைத் திரட்டுமாறு அது உத்தரவிட்டது.

சேர்ப்பதற்கு முன்: கேட்டுப் பார்க்க வேண்டிய ஆவணங்கள்

கீழ்க்கண்டவற்றை இல்லப் பொறுப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள். காலாவதித் தேதியையும் சேர்த்துப் படியுங்கள்.

• சமூக நலத் துறையின் பதிவுச் சான்றிதழ். மனநலப் பராமரிப்பு அளிக்கும் இல்லமாயின் மாநில மனநல ஆணையத்தின் பதிவு
• தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றிதழ்
• கட்டட உறுதிச் சான்றிதழ், சுகாதாரச் சான்றிதழ்
• சமையலறைக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவு அல்லது உரிமம்
• வருகை தரும் மருத்துவரின் பெயர், வருகை நாள், அவர் கையொப்பமிடும் பதிவேடு
• கட்டண விவரம்: மாதக் கட்டணத்தில் எவை அடங்கும், டயப்பர், மருந்து, மருத்துவமனைப் பயணம் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணமா என்பது

பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு, பல்லடம் சாலையில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திற்குச் சென்று சமூக நல அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளலாம். 'பதிவுக்கு விண்ணப்பித்துள்ளோம்' என்ற பதிலும் பதிவுச் சான்றிதழும் ஒன்றல்ல.

பணம், சொத்து தொடர்பான ஆவணங்களில் தனிக் கவனம் தேவை. ஏ.டி.எம். அட்டை, ஓய்வூதியப் புத்தகம், நிலப் பத்திரம் ஆகியவற்றை இல்லத்திடம் ஒப்படைக்க வேண்டாம். எழுதப்படாத தாளில் முதியவரின் கையொப்பமோ கைரேகையோ இட அனுமதிக்க வேண்டாம். செலுத்தும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது பெறுங்கள்.

கட்டடத்தில் காண வேண்டியவை

2007-ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி வகுக்கப்பட்ட மாதிரி விதிகள், படுக்கையறையில் ஒருவருக்கு 7.5 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்கின்றன. இது ஏறத்தாழ 80 சதுர அடி. கட்டிலின் இரு புறமும் ஒருவர் நின்று முதியவரைத் தூக்க முடிகிறதா, சக்கர நாற்காலி திரும்ப முடிகிறதா என்று பார்த்தாலே இடம் போதுமா என்பது விளங்கும்.

முதியோருக்கு ஏற்படும் பெருங்காயங்கள் பெரும்பாலும் விழுவதால் வருபவை. விழுவது பெரும்பாலும் கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் இடையிலான தூரத்தில் நிகழ்வது. எனவே அந்த வழியை நீங்களே நடந்து பாருங்கள். தரை வழுக்குகிறதா? வாசற்படி தடுக்குகிறதா? சுவரில் கைப்பிடி உள்ளதா, அதைப் பற்றி இழுத்தால் அசைகிறதா? இரவில் எரியும் விளக்கு உள்ளதா? கழிப்பறைக் கதவை வெளியிலிருந்தும் திறக்க முடிகிறதா? மேற்கத்திய வகைக் கழிப்பறை உள்ளதா? கட்டிலிலிருந்து எட்டும் தூரத்தில் அழைப்பு மணி இருந்தால் அதை ஒரு முறை அழுத்திவிட்டு, எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறார் என்று பாருங்கள்.

தீப் பாதுகாப்பில் இரு கேள்விகள் முதன்மையானவை. வெளியேற இரண்டு வழிகள் உள்ளனவா? இரவில் பூட்டப்படும் கதவுகளின் சாவி யாரிடம் இருக்கும்? கிரில் கதவைப் பூட்டிவிட்டுச் சாவியுடன் பணியாளர் வேறிடத்தில் உறங்கும் இல்லம் ஆபத்தானது. தீயணைப்பானின் மீதுள்ள நிரப்பிய தேதியைப் படியுங்கள். எரிவாயு உருளைகள் சமையலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் உள்ளனவா என்று பாருங்கள்.

இந்நகருக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. பனியன் நிறுவனமாகவோ கிடங்காகவோ கட்டப்பட்டுப் பின்னர் இல்லமாக மாற்றப்பட்ட கட்டடம் எனில், மின் இணைப்புகள் புதிதாகச் செய்யப்பட்டனவா, சன்னல்கள் போதுமா, மேற்கூரை தகரமா என்று கேளுங்கள். கட்டிங் வேஸ்ட், பஞ்சு, நூல் ஆகியவை அருகில் குவிக்கப்பட்டிருந்தால் தீ விரைந்து பரவும். தகரக் கூரையின்கீழ் ஏப்ரல், மே மாதங்களில் நிலவும் வெப்பம் முதியோருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம்.

உணவும் குடிநீரும்

2022 அக்டோபரில், திருமுருகன்பூண்டியில் இயங்கிய குழந்தைகள் காப்பகம் ஒன்றில் உணவு உண்ட சிறுவர்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்பட்டு 3 சிறுவர்கள் உயிரிழந்தனர்; பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அந்தக் காப்பகம் மூடப்பட்டது. முதியோர் இல்லத்திற்கும் இந்நிகழ்வு பாடமாகும். குழந்தைகளைப் போலவே முதியோரும் நீரிழப்பால் விரைவில் நிலைகுலைவர். இரவில் நோய் தொடங்கினால் அதைக் கண்டறிந்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப் பொறுப்பான ஆள் விழித்திருக்க வேண்டும்.

உணவு நேரத்தில் ஒரு முறையேனும் செல்லுங்கள். பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

• முந்தைய நாள் உணவோ, வெளியார் அன்னதானமாகத் தரும் உணவோ வழங்கப்படுகிறதா? எனில், அது சமைத்த நேரத்தை யார் கேட்டறிகிறார்?
• பல் இல்லாதவருக்கும் விழுங்கச் சிரமப்படுபவருக்கும் குழைத்த உணவு தனியாகத் தரப்படுகிறதா?
• தானே உண்ண இயலாதவருக்கு ஊட்டிவிட ஆள் உள்ளாரா, அல்லது தட்டு வைக்கப்பட்டு அப்படியே எடுக்கப்படுகிறதா?
• படுத்த நிலையிலேயே ஊட்டுகிறார்களா? அவ்வாறு ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் சென்று நிமோனியா உண்டாகக்கூடும். நிமிர்த்தி உட்காரவைத்தே ஊட்ட வேண்டும்.
• கையெட்டும் தூரத்தில் குடிநீர் உள்ளதா?

சிறுநீர் கழிக்க அடிக்கடி அழைத்துச் செல்ல நேரும் என்பதற்காகத் தண்ணீர் தருவதைக் குறைப்பது சில இடங்களில் காணப்படும் தவறான வழக்கம். இதனால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், திடீர் மனக்குழப்பம் ஆகியவை ஏற்படும்.

குடிநீர் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். நொய்யல் ஆற்றையொட்டிய பகுதிகளில் நிலத்தடி நீரில் சாயக்கழிவின் உப்புகள் நெடுங்காலமாகக் கலந்துள்ளன. ஆழ்துளைக் கிணற்று நீரை நேரடியாகக் குடிப்பதற்கோ சமைப்பதற்கோ பயன்படுத்துவது, குறிப்பாக உயர் இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்கு ஏற்றதன்று. சுத்திகரிப்புக் கருவி இருந்தால் அது கடைசியாகப் பராமரிக்கப்பட்ட தேதியைப் பாருங்கள். தொட்டி மூடியுள்ளதா என்பதையும் காணுங்கள்.

பணியாளர்கள்

'மொத்தம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?' என்ற கேள்வியைவிட, 'இரவு 10 மணிக்கு மேல் எத்தனை பேர் விழித்திருப்பார்கள்?' என்ற கேள்வி பயனுள்ளது. படுக்கையில் இருப்பவரைப் புரட்டுவதற்கும் தூக்குவதற்கும் இருவர் தேவை. பெண்களுக்குக் குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல் ஆகியவற்றைப் பெண் பணியாளர்களே செய்ய வேண்டும்.

மொழியும் கவனிக்கத்தக்கது. உங்கள் தாயார் தெலுங்கோ கன்னடமோ மட்டும் பேசுபவராக இருக்கலாம்; பணியாளர் வேறு மாநிலத்திலிருந்து வந்தவராக இருக்கலாம். 'வலிக்கிறது', 'மூச்சு முட்டுகிறது', 'கழிப்பறை' போன்ற சொற்களையாவது பணியாளர் புரிந்துகொள்கிறாரா என்று பாருங்கள். அச்சொற்களை ஓர் அட்டையில் எழுதிக் கட்டிலருகே மாட்டிவைப்பது எளிய தீர்வு.

பணியாளர் முதியவரை எவ்வாறு அழைக்கிறார் என்பதையும் செவிகொடுத்துக் கேளுங்கள். 'ஐயா', 'பாட்டி', 'அம்மா' என்று அழைத்து, தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொடுபவர் பயிற்சி பெற்றவர். ஒருமையில் அதட்டுவது வழக்கமாகிவிட்ட இடத்தில், உங்கள் எதிரில் கேட்பதைவிடக் கடுமையான சொற்கள் நீங்கள் சென்ற பின் பேசப்படலாம்.

மருந்துகள்

சேர்க்கும் நாளன்று மருந்துப் பட்டியலை இரு படிகள் எடுத்து, ஒன்றை இல்லத்தில் கொடுத்துக் கையொப்பம் பெறுங்கள். மருந்தின் பெயர், அளவு, நேரம், உணவுக்கு முன்னா பின்னா, ஒவ்வாமை ஏதேனும் உண்டா என்பவை அதில் இருக்க வேண்டும். பிறகு செல்லும்போதெல்லாம் மாத்திரைகளை எண்ணிப் பாருங்கள். 30 மாத்திரைகள் கொடுத்து 20 நாள்கள் ஆகியும் 18 மாத்திரைகள் எஞ்சியிருந்தால், 8 வேளை மருந்து தவறியுள்ளது.

இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியில், உறைநிலைப் பகுதியில் அல்லாமல், 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைக்கப்பட வேண்டும். இன்சுலின் செலுத்திய பின் உணவு தாமதமானால் சர்க்கரை அளவு ஆபத்தான நிலைக்குக் குறையக்கூடும். வியர்வை, நடுக்கம், குழறிய பேச்சு, திடீர்க் குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். நினைவோடு இருந்தால் உடனே 3 தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். நினைவிழந்தவருக்கு வாய்வழி எதையும் கொடுக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். பணியாளருக்கு இது தெரியுமா என்று கேளுங்கள்.

முன்பு பேசிக்கொண்டிருந்தவர் பகலெல்லாம் உறங்கிக்கொண்டே இருந்தால், தூக்க மருந்தோ அமைதிப்படுத்தும் மருந்தோ புதிதாகத் தரப்படுகிறதா என்று கேளுங்கள். மருத்துவரின் எழுத்துப் பரிந்துரை இன்றி அவற்றைத் தருவது தவறு.

முதியவரின் உடலில் காண வேண்டிய அறிகுறிகள்

சுவரின் வண்ணத்தையும் பூந்தொட்டியையும் விட, முதியவரின் உடல் உண்மையைச் சொல்லும். அவருடைய ஒப்புதலுடன், தனிமையில், கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

படுக்கைப் புண்: கீழ்முதுகு, இடுப்பின் இரு புறங்கள், குதிகால், முழங்கை ஆகிய இடங்களைப் பாருங்கள். தோல் சிவந்தோ கருத்தோ இருந்து, விரலால் அழுத்தி எடுத்தபின்னும் நிறம் மாறாமல் இருந்தால் அது புண்ணின் தொடக்கம். படுத்த படுக்கையாக இருப்பவரைப் பொதுவாக 2 மணி நேரத்திற்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அதற்கான பதிவேட்டைக் கேளுங்கள். ஒரே கையெழுத்தில், ஒரே மையில், நாள் முழுவதற்கும் ஒரே மூச்சில் எழுதப்பட்டதாகத் தோன்றினால் ஐயம் கொள்ளலாம்.

எடை: மாதந்தோறும் எடை பார்த்துக் குறிக்க வேண்டும். ஒரு மாதத்தில் 5 விழுக்காடோ ஆறு மாதங்களில் 10 விழுக்காடோ எடை குறைந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 50 கிலோ எடையுள்ளவர் ஒரே மாதத்தில் 2.5 கிலோ குறைவது இந்த அளவாகும்.

தூய்மை: நகம், பல், வாய், தலைமுடி, விரலிடுக்கு ஆகியவற்றைப் பாருங்கள். விரலிடுக்கில் அரிப்புடன் கூடிய கொப்புளங்கள் சிரங்கைக் குறிக்கலாம். அது ஒருவருக்கு வந்தால் உடன் வசிப்போர் அனைவருக்கும் மருத்துவம் தேவை.

காயங்கள்: மணிக்கட்டு, கணுக்கால் ஆகியவற்றைச் சுற்றியுள்ள தடங்கள், மேற்கையில் விரல் பதிந்த கன்றல்கள், விளக்கமின்றி மீண்டும் மீண்டும் தோன்றும் காயங்கள் ஆகியவை கட்டுதலையோ அடித்தலையோ குறிக்கலாம்.

மனநிலை: குறிப்பிட்ட பணியாளர் வந்ததும் பேச்சை நிறுத்துவது, 'என்னை அழைத்துப் போ' என்று திடீரெனக் கெஞ்சுவது, தொட்டாலே ஒடுங்குவது ஆகியவற்றைப் புறக்கணிக்க வேண்டாம்.

இவ்வறிகுறிகள் அனைத்தும் கொடுமையின் சான்றுகள் ஆகிவிடா. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்பவருக்குச் சிறு அழுத்தத்திலேயே தோல் கன்றும். புற்றுநோயும் காசநோயும் எடையைக் குறைக்கும். முதலில் இல்லத்திடம் விளக்கம் கேளுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். விளக்கம் ஒவ்வொரு முறையும் மாறினாலோ, மருத்துவரிடம் காட்ட இல்லம் தடை கூறினாலோ அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

கட்டிவைத்தலும் பூட்டிவைத்தலும்

2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியதில் 28 பேர் உயிரிழந்தனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்கள் தப்பிக்க இயலவில்லை. மனநோய் உள்ளவரைச் சங்கிலியால் பிணைப்பதை மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 முற்றிலும் தடை செய்கிறது. பிற வகையில் உடலைக் கட்டுப்படுத்துவதும், உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் ஒப்புதலுடன், பதிவு செய்து மட்டுமே செய்யத்தக்கது. தண்டனையாகவோ பணியாளர் பற்றாக்குறைக்கு மாற்றாகவோ அதைச் செய்யக்கூடாது.

மறதி நோய் உள்ளவர் வெளியே சென்று வழிதவறிவிடுவார் என்ற கவலை நியாயமானது. அதற்குத் தீர்வு, கண்காணிப்புள்ள வாயில், சுற்றுச்சுவருக்குள் நடக்க இடம், பெயரும் தொலைபேசி எண்ணும் பொறித்த கைப்பட்டை ஆகியவையே. 'விழுந்துவிடுவார் என்பதற்காகக் கட்டிலோடு கட்டினோம்' என்பது ஏற்கத்தக்க விளக்கமன்று. கட்டப்பட்டவர் அவிழ்க்க முயன்று விழுந்தால் காயம் இன்னும் கடுமையாகும்.

இடமாற்றமும் இறப்பும்

முதியவரை வேறு இல்லத்திற்கோ மருத்துவமனைக்கோ மாற்றும்போது, தேதி, நேரம், சென்ற இடம், அழைத்துச் சென்றவர், காரணம் ஆகியவை பதிவேட்டில் இருக்க வேண்டும். குடும்பத்தினருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். மாற்றப்பட்டதாகக் கூறப்படும் இடத்தை அன்றே நீங்களே தொடர்பு கொண்டு, முடிந்தால் காணொளி அழைப்பில் முதியவரின் முகத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். முதியவர் அங்கும் இல்லை எனில் காத்திருக்க வேண்டாம். காவல் நிலையத்தில் காணவில்லை என்ற புகாரை உடனே அளியுங்கள்.

2018 பிப்ரவரியில், காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் இயங்கிய கருணை இல்லம் ஒன்றின் வாகனத்தில், இறந்தவரின் உடலுடன் முதியவர்களும் ஏற்றிச் செல்லப்பட்டது தெரியவந்து பெரும் கவலையை ஏற்படுத்தியது. அதன்பின் நடந்த ஆய்வைத் தொடர்ந்து அங்கு வசித்தவர்கள் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டனர். இல்லத்தில் இறப்பு நேர்ந்தால் மருத்துவரின் சான்று பெறப்பட வேண்டும். 21 நாள்களுக்குள் இறப்பு பதிவு செய்யப்பட வேண்டும். குடும்பத்தினர் வரும் முன் இறுதிச் சடங்கு நடத்தக்கூடாது. இறந்தோர் பதிவேடு முறையாக உள்ளதா என்பதைச் சேர்ப்பதற்கு முன்பே கேட்பதில் தவறில்லை.

எப்போது, எவ்வாறு சென்று பார்ப்பது?

திருப்பூரில் பெரும்பாலோருக்கு ஞாயிறே விடுமுறை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் உறவினர்கள் வருவார்கள் என்பது இல்லங்களுக்குத் தெரியும். அன்று துவைத்த உடையும் சீவிய தலையும் காண்பது எளிது. மாதத்தில் ஒரு முறையேனும் வேலை நாளில், ஷிப்டு முடிந்த மாலையிலோ காலை உணவு நேரத்திலோ சொல்லாமல் செல்லுங்கள். உடன்பிறந்தோர், பேரப்பிள்ளைகள், பழைய அண்டை வீட்டார் என்று முறைவைத்துச் சென்றால் ஒருவர் மீதே சுமை விழாது. வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்போர் காணொளி அழைப்பை மட்டும் நம்ப வேண்டாம். அழைப்பின் நேரத்தையும் கோணத்தையும் இல்லமே தீர்மானிக்கிறது. குதிகால் புண்ணும் கழிப்பறையின் நாற்றமும் அதில் தெரியாது. உள்ளூரில் நம்பிக்கையான ஒருவரைப் பெயர் குறிப்பிட்டு நியமியுங்கள்.

ஒவ்வொரு முறையும் தேதி, கண்டவை, கேட்டவை, பெற்ற பதில் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். பின்னர் முறையிட நேர்ந்தால் இதுவே வலுவான ஆதாரம். நல்ல முறையில் நடைபெறும் இல்லம் உங்கள் கேள்விகளைத் தொல்லையாகக் கருதாது. குறையை ஒப்புக்கொண்டு திருத்தும். நல்ல பணியாளரைக் கண்டால் பொறுப்பாளரிடம் அவரைப் பாராட்டிச் சொல்லுங்கள். அதுவும் தரத்தைக் காக்கும் வழியே.

இல்லத்தில் வசிக்கும் மூத்த குடிமக்களுக்கு

நீங்கள் அங்கு வசிப்பவர். கட்டணம் செலுத்தினாலும் இலவசமாக வசித்தாலும் உங்கள் மதிப்பு ஒன்றே. உறவினருடன் தனியாகப் பேசவும், தொலைபேசியைப் பயன்படுத்தவும், உங்களுக்குத் தரப்படும் மருந்து எதற்காக என்று கேட்கவும், விரும்பாத இடமாற்றத்தை மறுக்கவும் நீங்கள் தயங்க வேண்டியதில்லை. குறை சொன்னால் வெளியேற்றிவிடுவார்களோ என்ற அச்சம் இருப்பின், 14567 என்ற எண்ணைத் தொடர்புகொள்ளலாம். அழைப்பு இலவசம், காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை இயங்குகிறது. ஆய்வுக்கு வரும் அலுவலரிடம், இல்லப் பணியாளர் உடனிராமல் பேச விரும்புவதாகக் கூறலாம்.

குறை காணப்பட்டால் யாரை அணுகுவது?

1. சிறு குறைகளை முதலில் இல்லப் பொறுப்பாளரிடம் எழுத்து மூலம் தெரிவியுங்கள். படி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.
2. திருத்தம் இல்லையெனில் மாவட்ட சமூக நல அலுவலரிடம் மனு அளியுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமைதோறும் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் மனு அளிக்கலாம். முதலமைச்சரின் உதவி மையத்தை 1100 என்ற எண்ணில் அழைக்கலாம்.
3. பிள்ளைகள் பராமரிக்க மறுத்தாலோ, பராமரிப்பதாகக் கூறிச் சொத்தை எழுதிப் பெற்றுக் கைவிட்டாலோ, வருவாய்க் கோட்ட அளவிலான பராமரிப்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம். மாவட்டத்தில் திருப்பூர், தாராபுரம், உடுமலைப்பேட்டை ஆகிய வருவாய்க் கோட்டங்கள் உள்ளன. முதியவரால் இயலாதபோது அவர் அதிகாரமளித்த வேறொருவரும் விண்ணப்பிக்கலாம்.
4. அடித்தல், கட்டிவைத்தல், பாலியல் துன்புறுத்தல், காணாமற்போதல், ஐயத்திற்குரிய இறப்பு ஆகியவற்றில் படிப்படியாகச் செல்ல வேண்டாம். நேரடியாகக் காவல்துறையை அழையுங்கள்.
5. சட்ட உதவிக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

மூத்த குடிமக்களைக் கைவிடும் நோக்குடன் ஓரிடத்தில் விட்டுச் செல்வது 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி குற்றமாகும். 3 மாதங்கள் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

உடனே மருத்துவ உதவி தேவைப்படும் நிலைகள்

• திடீர் மனக்குழப்பம், எழுப்ப இயலாத உறக்கம்
• முகம் கோணுதல், ஒரு கை அல்லது கால் செயலிழத்தல், பேச்சுக் குழறல்
• விழுந்தபின் நிற்க இயலாமை, தலையில் அடிபடுதல்
• மூச்சுத்திணறல், நெஞ்சுவலி
• வெப்பக் காலத்தில் வியர்வையின்றி உடல் கொதித்தல்
• தொடர் வாந்தி, வயிற்றுப்போக்கு; ஒரே நாளில் பலருக்கு இவ்வாறு ஏற்படுதல்

இந்நிலைகளில் 108-ஐ அழையுங்கள். உடல்நலம் தொடர்பான ஐயங்களுக்கு 104-ஐ அழைக்கலாம். பனியன் தொழிலில் இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றுள்ள தொழிலாளர்கள், தம்மைச் சார்ந்து வாழும் பெற்றோர் இல்லத்தில் வசித்தாலும் அவர்களுடைய பெயரும் இ.எஸ்.ஐ. பதிவில் உள்ளதா என்பதைச் சரிபார்த்துக்கொள்வது நலம். அடையாள அட்டைகளின் நகல், மருந்துப் பட்டியல், தொடர்புகொள்ள வேண்டிய இருவரின் எண்கள் ஆகியவற்றை ஓர் உறையிலிட்டு முதியவரின் கட்டிலருகே வைத்தால், அவசர ஊர்தி வரும்போது தேடும் நேரம் மிச்சமாகும்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுத் தகவல்கள். தனிப்பட்ட நோய்நிலைக்கு மருத்துவரின் ஆலோசனையைப் பெறவும்.